ஜீப்பில் சி.பி. ரேடியோ: நான் பேசுவது கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை

ஸ்ரீராமபுரம் ஓட்டுநர்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எங்கள் பகுதி நண்பர்கள் நடத்தும் மருத்துவ முகாமுக்கு ஜீப் ஓட்டிப் போவது என் பொறுப்பு. ஓசூர், தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு இறங்கி, அதற்கும் அப்பால் காட்டோரச் சிற்றூர்களுக்குப் போகிறோம். மூன்று வண்டிகள். வழி தெரிந்தவன் என்பதால் என் ஜீப் முன்னால். நடுவில் மருந்துப் பெட்டிகளோடு ஒரு வேன். கடைசியில் மருத்துவரும் செவிலியர்களும் வரும் கார். காட்டுக்குள் கைப்பேசியை நம்ப முடியாது என்பதால் மூன்றிலும் சி.பி. ரேடியோ, அதாவது பொதுமக்கள் பயன்படுத்தும் இருவழி வயர்லெஸ், பொருத்தினோம்.

சென்ற மாதம் மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் மூங்கில் புதருக்குள் யானை நின்றது. அதன் காலடியில் ஒரு குட்டி. நான் நிறுத்தாமல் கடந்துபோய், சற்றுத் தள்ளி ஓரம்கட்டி, மைக்கை எடுத்து "யானை நிற்கிறது, வளைவுக்கு முன்பே நிறுத்துங்கள்" என்று இரண்டு முறை சொன்னேன். பதில் வந்தது. என்ன பதில் என்றுதான் தெரியவில்லை. இரைச்சலுக்கு அடியில் யாரோ போர்வைக்குள் இருந்து முனகுவது போல இருந்தது. அவர்கள் நின்றார்களா, வந்துகொண்டிருக்கிறார்களா என்று தெரியாமல் பத்து நிமிடம் சாலையோரம் தவித்தேன். நல்ல வேளை, அவர்களுக்கு நான் சொன்னது கேட்டிருந்தது. சற்று மெலிதாகக் கேட்டதாம், ஆனால் புரிந்திருக்கிறது.

வேனும் காரும் தங்களுக்குள் நான்கு கிலோமீட்டர் வரை தெளிவாகப் பேசிக்கொள்கின்றன. எனக்கு அரைக் கிலோமீட்டர் தாண்டினால் ஒன்றும் கேட்பதில்லை. என் ரேடியோ பழுது என்று நினைத்து ஒரு நாள் வேனில் இருந்த ரேடியோவை ஜீப்பிலும், ஜீப்பில் இருந்ததை வேனிலும் மாற்றிப் பார்த்தோம். என் ரேடியோ வேனில் அருமையாக வேலை செய்தது. வேனின் ரேடியோ ஜீப்புக்கு வந்ததும் அதே இரைச்சல்.

வண்டி 12 வயதான டீசல் ஜீப். கூரை ஃபைபர். ஆன்டெனா 120 சென்டிமீட்டர், அடியில் சுருள் உள்ளது. கூரையில் காந்தம் ஒட்டாது என்பதால் பொருத்திக் கொடுத்த கடைக்காரர் பின்கதவில் ஸ்டெப்னி மாட்டும் இரும்பில் அதை முடுக்கிவிட்டார். கேபிள் கதவு இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. மின்சாரம் சிகரெட் லைட்டர் துளையில் இருந்து. அதே இடத்தில் கைப்பேசி சார்ஜரும், முன்கண்ணாடிக் கேமராவும் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது யாரும் பேசாமலே ரேடியோவின் சிக்னல் முள் 7 வரை ஏறி நிற்கிறது. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருகினால் இரைச்சலோடு சேர்ந்து அவர்கள் குரலும் அடங்கிவிடுகிறது.

கடைக்காரர், "ஆன்டெனாவில் குறை இல்லை, வேறு ரேடியோ வாங்குங்கள்" என்கிறார். அடுத்த முகாமுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தொடங்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்டு பயணி:

நாங்கள் ஐந்து வண்டிகள் சேர்ந்து காட்டுப்பாதைகளுக்குப் போகிறவர்கள். எங்களுக்கும் முன்பு இதே தொல்லை இருந்தது. ஒருவர் திறன் கூட்டும் பெட்டி ஒன்றை இடையில் மாட்டினார். அதன் பிறகு அவர் குரல் நன்றாகக் கேட்கிறது. நீங்களும் அதைப் பாருங்கள். இல்லையென்றால் நீளமான ஆன்டெனா வாங்குங்கள்.

அல்சூர் பெரியவர்:

தம்பி, பெட்டி எதுவும் வாங்கிவிடாதீர்கள். வண்டிகளில் வயர்லெஸ் பொருத்துவதையே 28 ஆண்டு தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் நான். திறன் கூட்டும் பெட்டி உங்கள் குரலைத்தான் பெரிதாக்கும். உங்கள் குறை வாயில் இல்லை, காதில் இருக்கிறது. அது சட்டப்படியும் தவறு. இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் கதிர்வீச்சுத் திறனுக்குள் இருந்தால்தான் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ரேடியோவில் 40 சேனல் இருந்தாலும் இந்த எல்லைக்குள் வருபவை 1 முதல் 27 வரைதான். 27-ஆம் சேனல் 27.275. அடுத்தது 27.285, அது வெளியே போய்விடுகிறது. நீங்கள் எந்தச் சேனலில் பேசுகிறீர்கள் என்று சொல்லவில்லை. 28 அல்லது அதற்கு மேல் என்றால் இன்றே கீழே இறங்கிவிடுங்கள்.

ரேடியோவை மாற்றிப் பார்த்தீர்களே, பாதி வேலையை அதிலேயே முடித்துவிட்டீர்கள். ரேடியோ நல்லது. நோய் வண்டியில் இருக்கிறது. இரண்டு நோய் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு உங்கள் குரல் மெலிதாகப் போகிறது என்றால் ஆன்டெனா பக்கம் ஏதோ ஒன்று. எஞ்சின் ஓடும்போது முள் 7-ல் நிற்கிறது என்றால் வண்டியே இரைச்சலை உண்டாக்குகிறது. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டால் தீராது.

இப்போது காசு செலவில்லாமல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வண்டியை ஊருக்கு வெளியே, மின்கம்பி இல்லாத திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். சார்ஜர், கேமரா இரண்டையும் பிடுங்கி, எஞ்சினை நிறுத்தி, ரேடியோவை மட்டும் போட்டு முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சாவியை ஒரு நிலை திருப்புங்கள், எழுதுங்கள். எஞ்சினை ஓடவிடுங்கள், எழுதுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கீச்சொலி மிதிக்கு ஏற்ப ஏறி இறங்குகிறதா என்று கேளுங்கள். விளக்கு, விசிறி, சார்ஜர், கேமரா என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டைப் போடாதீர்கள்.

அடுத்து, இரைச்சல் இருக்கும்போதே ரேடியோவின் பின்னால் உள்ள ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. நிற்காமல் அப்படியே இருந்தால் மின்சாரக் கம்பி வழியாக வருகிறது. கேபிள் கழன்றிருக்கும்போது மைக் பொத்தானை மறந்தும் அழுத்தாதீர்கள். போக இடமில்லாத திறன் உள்ளேயே திரும்பி, கடைசி டிரான்சிஸ்டரை எரித்துவிடும். இப்படி எரிந்துபோன பல ரேடியோக்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, ஒரு மல்டிமீட்டர் எடுத்து, ஆன்டெனா மாட்டியிருக்கும் இரும்புக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் (மைனஸ்) நடுவே எத்தனை ஓம் காட்டுகிறது என்று பாருங்கள். இதைச் செய்துவிட்டு எழுதுங்கள்.

பீன்யா பட்டறை:

பெரியவர் ஊருக்கு வெளியே போகச் சொன்னதற்கு என் வேலையில் இருந்து ஒரு காரணம் சொல்ல முடியும். பீன்யாவில் பிளாஸ்டிக் கோப்பு உறையும் மழைக்கோட்டும் ஒட்டும் பட்டறையில் இருக்கிறேன். எங்கள் இயந்திரம் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. தொழிற்சாலைச் சூடேற்றலுக்கென்று உலகம் முழுக்க ஒதுக்கப்பட்ட அலைவரிசை அது. சி.பி.யின் 13, 14-ஆம் சேனல்கள் அதன் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன. அச்சு இறங்கும் மூன்று நான்கு நொடியும் என் வண்டி ரேடியோவில் 'ம்ம்ம்' என்று ஒரு கனத்த ஒலி வரும். அச்சு ஏறியதும் நின்றுவிடும். ராஜாஜி நகர், யஷ்வந்த்பூர் பக்கம் நின்று சோதித்தால் வண்டியின் இரைச்சல் எது, தொழிற்பேட்டையின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. ஸ்ரீராமபுரத்தில் இருந்தும் நாங்கள் அதிக தூரம் இல்லை.

ஸ்ரீராமபுரம் ஓட்டுநர்:

ஐயா, நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை காலை கனகபுரா சாலையில் ஊர் தாண்டி ஒரு வெற்று மைதானத்தில் நிறுத்திச் செய்தேன். 19-ஆம் சேனலில்தான் பேசுகிறோம், அதில் தவறில்லை.

எல்லாம் நிறுத்தியிருக்கும்போது முள் 1. சாவி திருப்பினாலும் 1. எஞ்சின் ஓடும்போது 3. கீச்சொலி இருக்கிறது, மிதித்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. முன்விளக்கு, விசிறி இரண்டுக்கும் மாற்றம் இல்லை. கேமரா போட்டால் 4. கைப்பேசி சார்ஜரைச் செருகியதும் ஒரே தாவலில் 7. கைப்பேசி மாட்டாமல் சார்ஜர் மட்டும் இருந்தாலும் 6. சாலையோரக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய சார்ஜர் அது. இத்தனை நாள் வழிகாட்டி வரைபடத்துக்காக அதைக் கழற்றியதே இல்லை.

ஆன்டெனா கேபிளைக் கழற்றினால் சார்ஜரின் இரைச்சல் முழுக்க நின்றுவிட்டது. கீச்சொலி மட்டும் அப்படியே இருந்தது.

மல்டிமீட்டர் விஷயம்தான் புரியவில்லை. ஆன்டெனா இரும்புக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு முறை 40 ஓம் காட்டியது. கதவை ஆட்டினால் 200-க்குப் போகிறது, பிறகு ஒன்றுமே காட்டுவதில்லை. கதவைச் சாத்தினால் வேறு எண். மீட்டர் பழுதா?

அல்சூர் பெரியவர்:

மீட்டர் பழுதில்லை தம்பி. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது, நோய் பிடிபட்டது.

27 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 11 மீட்டர். கால் அலை என்றால் இரண்டே முக்கால் மீட்டர். உங்கள் ஆன்டெனா 1.2 மீட்டர்தான். மீதி நீளத்தை அடியில் இருக்கும் சுருள் ஈடுகட்டுகிறது. ஆனால் கம்பி பாதி ஆன்டெனாதான். மற்றப் பாதி வண்டியின் இரும்பு உடல். கம்பி மேலே தள்ளும் மின்னோட்டத்துக்கு ஈடாக உடல் கீழே வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் ஆன்டெனா நிற்பது பின்கதவில். கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருப்பவை கீல்கள். கீலில் பெயின்ட், கிரீஸ், துரு. கதவைச் சுற்றி ரப்பர். கூரையோ ஃபைபர். ஆகவே உங்கள் ஆன்டெனாவுக்கு மற்றப் பாதியே இல்லை. அந்த இடத்தில் கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிப்பின்னலே உடலாக வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தக் கேபிள் வண்டிக்குள் சார்ஜருக்கு அருகில் ஓடுகிறது. சார்ஜரின் குப்பையை எல்லாம் அது வாரிக்கொண்டு போய் ரேடியோவில் கொட்டுகிறது. இரண்டு நோயும் ஒன்றையொன்று வளர்த்தது இப்படித்தான்.

செய்ய வேண்டியது இது. எஸ்.பி. ரோட்டில் செம்புப் பின்னல் பட்டை கிடைக்கும். விரல் அகலத்தில் தட்டையாக, துணி நாடா போல இருக்கும். அரை மீட்டர் போதும். வட்டமான மெல்லிய கம்பி வாங்காதீர்கள். இந்த அலைவரிசையில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பில்தான் ஓடும், அதனால் பரப்பு வேண்டும். கதவில் ஆன்டெனா இரும்புக்குப் பக்கத்தில் ஓர் இடம், உடலில் கீலுக்குப் பக்கத்தில் ஓர் இடம், இரண்டிலும் உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து வெள்ளி போலப் பளபளக்கச் செய்யுங்கள். பல் வாஷர் வைத்து முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் மழைக்காலம் முடிவதற்குள் துரு ஏறிவிடும். கதவு முழுக்கத் திறக்கும் அளவுக்குப் பட்டையில் தளர்வு விடுங்கள். ஆன்டெனா இரும்பு கதவைத் தொடும் இடத்திலும் பெயின்ட் இருக்கும், அதையும் தேய்க்க வேண்டும். முடிந்ததும் மீட்டர் 1 ஓமுக்குக் கீழே நிலையாக நிற்க வேண்டும், கதவை எப்படி ஆட்டினாலும்.

கேபிள் கதவு இடுக்கில் வருகிறது என்றீர்கள். ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அது நசுங்குகிறது. இரண்டு முனைக் கனெக்டர்களையும் கழற்றி உள்ளே பாருங்கள்.

கீச்சொலி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் இருந்து மின்சாரக் கம்பி வழியாக வருகிறது. லைட்டர் துளையை விட்டுவிடுங்கள். ரேடியோவுக்கு நேரே பேட்டரியில் இருந்து தடித்த கம்பி இரண்டு இழுங்கள். நேர்க்கம்பியில் (பிளஸ்) பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் ரேடியோ பக்கம் இருந்தால் நடுவில் கம்பி உரசித் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது. உங்களுடையது டீசல் என்பதால் ஸ்பார்க் பிளக் தொல்லை இல்லை. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது தனிக் கதை.

இன்னொன்று, இது கொஞ்சம் வருத்தமான செய்தி. ஆன்டெனா வண்டியின் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் வலுவாக வேலை செய்யும், அதிக இரும்பு இருக்கும் பக்கம். உங்களுடையது பின்னால் இருக்கிறது, ஆகவே முன்பக்கம் நன்றாகக் கேட்கும். உங்களோடு பேச வேண்டியவர்களோ பின்னால் வருகிறார்கள்.

ஜெயநகர் வாசகர்:

ஒரு சிறு எச்சரிக்கை. புதிய கார்களில் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டம் அளக்கும் சிறு பெட்டி இருக்கும். அத்தகைய வண்டிகளில் எதிர்க்கம்பியை நேரே முனையில் மாட்டாமல், பேட்டரியின் எர்த் கம்பி உடலில் சேரும் இடத்தில் மாட்டுங்கள். பழைய ஜீப்புக்கு இது பொருந்தாது. படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்ரீராமபுரம் ஓட்டுநர்:

முகாம் முடிந்து நேற்று இரவுதான் திரும்பினோம். முதலில் வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள் என்றீர்கள் அல்லவா. ரேடியோ பக்கத்தில் இருந்தது சுத்தமாக இருந்தது. ஆன்டெனா பக்கத்துக் கனெக்டரின் உறையைத் திருகியதும் பச்சைத் தூள் உள்ளங்கையில் கொட்டியது, பழைய செம்புக் குடத்தின் அடியில் படிந்திருக்குமே, அந்தப் பச்சை. வெளிப்பின்னல் செம்பு நிறத்தை இழந்து கறுத்துப் போயிருந்தது. நகத்தால் கீறினால் இழைகள் பொடிந்தன. அதில் ஓர் ஒற்றை இழை மட்டும் பிரிந்து வளைந்து, நடுக்கம்பியின் வெள்ளை உறைமேல் படுத்திருந்தது. நடுக்கம்பியைத் தொட ஒரு மயிரிழை தூரம்தான் பாக்கி. என் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அவள்தான் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு "அப்பா, இங்கே பாருங்கள்" என்று அதைக் காட்டினாள். கதவு இடுக்கில் வந்த இடத்தில் கேபிள் தட்டையாகிக் கிடந்தது.

பழைய கேபிளை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு எஸ்.பி. ரோட்டில் 50 ஓம் கேபிள் ஐந்து மீட்டர், இரண்டு கனெக்டர், செம்புப் பட்டை வாங்கினேன். கனெக்டரில் ஈயம் பற்றவைக்க எனக்குக் கை வரவில்லை, முதல் முயற்சியில் உள் உறை உருகிவிட்டது. அந்தக் கடையிலேயே ஒரு தம்பி உட்கார்ந்து செய்து கொடுத்தார். ஆன்டெனா பக்கத்துக் கனெக்டர்மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். கேபிளைக் கதவு இடுக்கில் விடாமல், தரையில் இருந்த ரப்பர் மூடியில் துளையிட்டு உள்ளே கொண்டுவந்தேன்.

பட்டை மாட்டிய பிறகு 0.4 ஓம். கதவை ஆட்டினேன், சாத்தினேன், ஓங்கி அறைந்தேன். 0.4 அசையவில்லை.

ஒயிட்ஃபீல்டு நண்பர் தனிச்செய்தியில் எழுதி, தன்னிடம் இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இரவல் கொடுத்தார். ஆன்டெனா எவ்வளவு திறனைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் மீட்டர் அது, முள் 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. அவருக்கு என் நன்றி. பட்டையை ஒரு முறை கழற்றிவிட்டுப் பார்த்தோம், முள் 3-ஐத் தாண்டியது. மாட்டியதும் 1-ஆம் சேனலில் 1.4, 27-ஆம் சேனலில் 1.9. மேலே போகப் போகக் கூடுகிறது என்றால் கம்பி நீளம் அதிகம் என்றார் அவர். திருகைத் தளர்த்தி ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கினோம். இப்போது இரண்டிலும் 1.4, நடுவில் 1.2. அளக்கும்போது கதவுகளைச் சாத்திவிட்டு, ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். நான் ஒரு முறை மறந்து அருகில் போனதற்கே முள் நகர்ந்தது.

பேட்டரியில் இருந்து நேரடியாக இரண்டு கம்பிகளும் இழுத்ததும் கீச்சொலி போயே போய்விட்டது. சார்ஜரைக் கழற்றிவிட்டேன். வரைபடத்தை முந்தின இரவே பார்த்துக்கொள்கிறேன். கேமராவின் கம்பியில் இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டி நான்கு சுற்று சுற்றினேன். எஞ்சின் ஓடும்போது முள் 2-க்கும் கீழே.

நேற்று யானை எதுவும் இல்லை. அஞ்செட்டிக்கு இறங்கும்போது நான் அடிவாரத்துக்கு வந்துவிட்டேன், மருந்து வேன் இன்னும் மேலே. எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. "லாரி வருகிறது, அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள்" என்றேன். வேன் ஓட்டும் அண்ணன், "ஒதுங்கிவிட்டேன், டாக்டர் வண்டியும் எனக்குப் பின்னால் நின்றுவிட்டது" என்றார். ஒவ்வொரு சொல்லும் பக்கத்து இருக்கையில் இருந்து பேசுவது போலக் கேட்டது. அவர் இருமியதுகூடக் கேட்டது. நடுவே இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும்.

ஆனால் நீங்கள் சொன்ன திசை விஷயம் உண்மைதான். மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் மெலிந்துவிடுகிறது. ஜீப்பைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன், உடனே நன்றாகக் கேட்டது. ஆன்டெனாவை முன்பக்க மட்கார்டுக்கு மாற்றலாமா? மாற்றினால் பின்கதவுப் பட்டையைக் கழற்ற வேண்டுமா?

அல்சூர் பெரியவர்:

மாற்றுங்கள் தம்பி. பானெட்டை ஒட்டிய மட்கார்டின் மேல்விளிம்பு நல்ல இடம். அங்கேயும் பெயின்ட்டைத் தேய்த்துவிட்டுத்தான் முடுக்க வேண்டும். பானெட்டுக்கும் உடலுக்கும் நடுவே இன்னொரு பட்டை போடுங்கள், அதுவும் கீலில் தொங்குவதுதான். எஞ்சினுக்கு அருகே வருவதால் இரைச்சல் ஒரு புள்ளி ஏறலாம், முள்ளைப் பார்த்து எழுதுங்கள். இடம் மாறினால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறும், அந்த மீட்டரை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

பின்கதவுப் பட்டையைக் கழற்றாதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும். மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்த ஒற்றை இழையைக் கண்டுபிடித்த கண், பழகிய மெக்கானிக்குகளுக்கே அரிது.